ஆட்டோமேட்டிக் காரில் கியர் லேட்டாக விழுகிறதா? கியர்பாக்ஸை இறக்கும் முன் பார்க்க வேண்டியதெல்லாம்

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்து ரிவர்ஸில் போட்டு பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். நகரவில்லை. ஹேண்ட்பிரேக்கை எடுக்க மறந்துவிட்டோமோ என்று பார்த்தால் அதுவும் இல்லை. இரண்டு மூன்று நொடி கழித்து, பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்த மாதிரி ஒரு ‘டொக்’, அப்புறம்தான் வண்டி அசைந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது, 1,10,000 கிலோமீட்டர் ஓடியது, 4 கியர் டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகப் பாக்ஸுக்குக் கடத்தும் வகை) வண்டி. அடுத்த வாரமே இன்னொரு வியாதியும் சேர்ந்துகொண்டது. மேட்டுப்பாளையம் ரோட்டில் 70-ல் போனாலும் நாலாவது கியர் விழாமல் இன்ஜின் கத்திக்கொண்டே வந்தது.

முதலில் கொண்டுபோய்க் காட்டிய இடத்தில் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. “பாக்ஸ எறக்கித்தானுங்க பாக்கோணும்” என்றார்கள். எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு 85,000-லிருந்து பேச்சு ஆரம்பித்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கப்புறம் இரண்டு மாதம் நானே தோண்டிப் பார்த்ததில் கற்றதுதான் கீழே இருப்பது. கடைசியில் என் வண்டியில் இருந்தது இரண்டு தனித்தனிக் கோளாறு, இரண்டுமே கியர்பாக்ஸுக்கு வெளியே.

எல்லா வேலைக்கும் முன்னால் ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் அந்தக் கியரைக் கேட்கவே இல்லையா, இல்லை கேட்டும் பாக்ஸ் கொடுக்கவில்லையா? கேட்கவில்லை என்றால் கோளாறு சென்சாரில், வயரில், இன்ஜின் பக்கத்தில். கேட்டும் வரவில்லை என்றால் ஆயிலில், வால்வில், கிளட்சில். இந்த இரண்டையும் பிரிக்காமல் பாக்ஸை இறக்குவது, வயிறு வலிக்கிறது என்றவனை நேரே ஆபரேஷன் டேபிளில் படுக்க வைப்பது போலத்தான்.

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது எந்த ஆட்டோமேட்டிக்

நம் ஊரில் இரண்டு பெடல் இருந்தாலே ஆட்டோமேட்டிக் என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் உள்ளே இருப்பது நான்கு வகை. 2014-ல் மாருதி செலேரியோவோடு சின்ன கார்களில் பரவிய ஏ.எம்.டி. என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிப்பதையும் கியர் போடுவதையும் ஒரு ஆக்சுவேட்டர் செய்கிறது. அதில் கியர் மாறும்போது தலை ஒருமுறை முன்னால் ஆடுவது கோளாறே இல்லை, அதன் சுபாவம். முன்பைவிடத் தாமதம் கூடியிருந்தால் கிளட்ச் தேய்ந்திருக்கலாம், ஆக்சுவேட்டர் ஆயில் குறைந்திருக்கலாம், இல்லையென்றால் ஸ்கேனர் போட்டு கிளட்ச் பொசிஷனை மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கலாம். சி.வி.டி.யில் படிப்படியான கியரே கிடையாது, அதற்கான ஆயிலும் வேறு. இரட்டை கிளட்ச் பாக்ஸ், அதிலும் உலர் கிளட்ச் வகை, நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து சூடானால் தயங்கும்.

இனி வருவதெல்லாம் நான்காவது வகையான டார்க் கன்வெர்ட்டருக்கு. 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் வந்த ஹைட்ரா-மேட்டிக் காலத்திலிருந்து இன்றைய 8 கியர் பாக்ஸ் வரை அடிப்படை ஒன்றுதான், ஆயிலின் அழுத்தம். வீட்டு சம்ப்பையும் மோட்டாரையும் நினைத்துக்கொள்ளுங்கள். கீழே தொட்டியில் ஆயில், அதை உறிஞ்சி அழுத்தத்தோடு தள்ள ஒரு பம்ப், எந்தக் குழாயில் போக வேண்டும் என்று திறந்து மூட சோலனாய்டு வால்வுகள், குழாயின் முடிவில் கிளட்ச் தட்டுகளை நசுக்கிப் பிடிக்கும் பிஸ்டன். சம்ப்பில் தண்ணீர் குறைந்தால் மோட்டார் காற்றை இழுத்துக் கடகடக்குமே, பாக்ஸிலும் அதே கதைதான். கியர் லேட்டாக விழுகிறது என்றால் அழுத்தம் லேட்டாக வருகிறது, இல்லை குழாயைத் திறக்கச் சொல்லி உத்தரவே லேட்டாக வருகிறது.

எந்தத் தாமதம் என்று எழுதிவையுங்கள்

“கியர் சரியில்லை” என்று மெக்கானிக்கிடம் போய் நின்றால் அவர் என்ன செய்வார் பாவம். ஒரு வாரம் போனில் குறித்துக்கொண்டே வாருங்கள்: எப்போது, எந்தக் கியரில், வண்டி சூடா குளிரா, ஆர்.பி.எம். எவ்வளவு.

பி-யிலிருந்து டி அல்லது ஆர் போட்டதும் பிடிக்கத் தாமதமா? இது நின்ற இடத்துத் தாமதம். ஓடும்போது அடுத்த கியர் விழத் தாமதமா? அதிலும் இரண்டு உண்டு. ஆர்.பி.எம். ஏறும்போது வண்டியின் வேகமும் கூடவே ஏறி, வழக்கமாக 2,000-ல் விழ வேண்டிய கியர் 3,500-ல் விழுந்தால் பாக்ஸ் வழுக்கவில்லை, உத்தரவுதான் லேட். வண்டியின் வேகம் அப்படியே இருக்க, இரண்டு கியர்களுக்கு நடுவே ஆர்.பி.எம். மட்டும் சட்டென்று 500, 800 எகிறி அப்புறம் கியர் பிடித்தால் அது வழுக்கல், உள்ளே கிளட்சுக்கு அழுத்தம் போதவில்லை. இந்த ஒரு வித்தியாசத்தை ஓட்டுகிறவரே சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

குளிரில் மட்டும் வருகிறதா, சூட்டில் மட்டும் வருகிறதா என்பதும் முக்கியம். காலையில் முதல் தடவை மட்டும் தாமதம், அப்புறம் நாள் முழுக்கச் சரி என்றால், ராத்திரி முழுக்க நின்றதில் டார்க் கன்வெர்ட்டரிலிருந்த ஆயில் கீழே வடிந்திருக்கலாம், ஆயில் மட்டம் குறைந்திருக்கலாம், அல்லது உள்ளே ரப்பர் சீல்கள் விறைத்துப்போய்ச் சூடாகும்வரை கசிகின்றன. மாறாக, காலையில் நன்றாக ஓடி மதியம் சிக்னல் சிக்னலாக நின்று போகும்போது மட்டும் வந்தால் கொஞ்சம் கவலைப்பட வேண்டியதுதான். சூட்டில் ஆயில் இளகிவிடும், அப்போது தேய்ந்த பம்ப்பாலும் கசியும் சீல்களாலும் அழுத்தத்தைப் பிடித்து வைக்க முடியாது. காலையில் ஸ்டார்ட் செய்த சில நிமிடம் கியர்கள் சற்று உயரத்தில் மாறுவது மட்டும் பல வண்டிகளில் இயல்பு. புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சீக்கிரம் சூடாவதற்காக அப்படி வைத்திருப்பார்கள்.

நின்ற இடத்துத் தாமதத்தை அளக்க போனின் ஸ்டாப்வாட்ச் போதும். வண்டியை நன்றாகச் சூடாக்கி, சமதரையில் நிறுத்தி, ஏ.சி.யை அணைத்து, ஹேண்ட்பிரேக்கும் கால் பிரேக்கும் போட்டுக்கொண்டு, ஐடிலிங்கில் என்-னிலிருந்து டி-க்கு மாற்றுங்கள். லீவரை நகர்த்திய நொடியிலிருந்து வண்டி லேசாக அமுங்குவதை உணரும் நொடி வரை நேரம். ஒரு நிமிடம் இடைவெளி விட்டு மூன்று முறை எடுத்து சராசரி பாருங்கள், அப்புறம் என்-னிலிருந்து ஆர்-க்கும் அதே. டொயோட்டாவின் சர்வீஸ் கையேடுகளில் டி-க்கு 1.2 நொடிக்குள், ஆர்-க்கு 1.5 நொடிக்குள் என்று இருக்கும், மற்ற வண்டிகளுக்கும் ஒரு கணக்குக்கு இதை வைத்துக்கொள்ளலாம். எனக்கு டி 1.9, ஆர் 2.6 வந்தது. இரண்டிலும் ஒரே அளவு தாமதம் என்றால் பொதுவான அழுத்தக் குறைவு, அதாவது ஆயில் மட்டம், ஃபில்டர் அடைப்பு, பம்ப். ஒன்றில் மட்டும் என்றால் அந்தக் கியருக்கான கிளட்சைச் சந்தேகப்படுங்கள். பலபேர் வீடியோவில் காட்டுகிற, பிரேக்கை மிதித்துக்கொண்டே ஆக்சிலேட்டரையும் முழுசாக மிதிக்கும் ஸ்டால் டெஸ்ட்டை வீட்டில் செய்யாதீர்கள். தெரிந்தவர்களே 5 நொடிக்கு மேல் செய்ய மாட்டார்கள். பாக்ஸுக்குள் ஆயில் கொதித்துவிடும், பிரேக் வழுக்கினால் எதிரே இருக்கும் சுவர் போய்விடும்.

ஆயில் குச்சி

இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. இன்ஜின் ஆயில் குச்சியையும் கியர் ஆயில் குச்சியையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பார்க்கும் முறையும் வண்டிக்கு வண்டி மாறும். டொயோட்டா போன்ற பல வண்டிகளில் ஆயில் 70-80 டிகிரிக்குச் சூடாகி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, லீவரை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை கொண்டுபோய் பி-க்குத் திரும்பிய பிறகு குச்சியை எடுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பார்க்க வேண்டும். ஹோண்டாவில் ரேடியேட்டர் ஃபேன் ஓடும்வரை சூடாக்கி, இன்ஜினை அணைத்து, 60-லிருந்து 90 நொடிக்குள் பார்க்க வேண்டும். ஒன்றின் முறையை இன்னொன்றில் செய்தால் அளவு தப்பும். உங்கள் வண்டியின் கையேட்டைப் பாருங்கள்.

புது வண்டிகள் பலவற்றில் குச்சியே இருக்காது. அடியில் ஒரு வழிவு நட் இருக்கும். வண்டியைச் சமமாகத் தூக்கி, குறிப்பிட்ட வெப்பநிலையில் நட்டைத் திறந்து, ஆயில் சொட்டுச் சொட்டாக வழிந்தால் அளவு சரி என்று அர்த்தம். அந்த வெப்பநிலை சில பாக்ஸில் 40 டிகிரியைச் சுற்றி, சிலவற்றில் 50-60. ஸ்கேனரில் ஆயில் சூட்டைப் பார்க்காமல் இதைச் செய்ய முடியாது. அதனால் இந்த வேலையை லிஃப்ட் உள்ள கடைக்கு விட்டுவிடுவது நல்லது.

மட்டத்தோடு ஆயிலின் நிறத்தையும் வாடையையும் பாருங்கள். ஒரு வெள்ளை டிஷ்யூவில் ஒரு சொட்டு விட்டால் தெரிந்துவிடும். பெரும்பாலான ஆயில் புதிதில் சிவப்பு, ஓட ஓடப் பழுப்பாகும், அது மட்டும் பெரிய விஷயமில்லை (சில சி.வி.டி. ஆயில் பிறப்பிலேயே பச்சை, பயந்துவிடாதீர்கள்). கறுத்து, அடிப்பிடித்த பால் மாதிரி கருகல் வாடை அடித்தால் கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கின்றன. நுரை கட்டியிருந்தால் அளவு குறைவு அல்லது அதிகம். அதிகமாக ஊற்றினாலும் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரைக்கு அழுத்தம் நிற்காது. ரோஸ்மில்க் நிறத்தில் வந்தால் வண்டியை அதற்குமேல் ஓட்டவே ஓட்டாதீர்கள். பல வண்டிகளில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கிறது, அது அரித்தால் கூலண்ட் பாக்ஸுக்குள் போய்விடும். கிளட்ச் தட்டின் உராய்வுப் படலம் தண்ணீரில் ஊறினால் பசை விட்டு உரியத் தொடங்கும்.

என் வண்டியில் குச்சியின் சூட்டுக் கோட்டுக்குக் கீழே ஒரு விரற்கடை குறைந்திருந்தது. கியர் ஆயில் இன்ஜின் ஆயில் மாதிரி எரிந்து தீராது. குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ ஒழுகுகிறது. ஆனால் நிறுத்தும் இடத்தில் ஒரு சொட்டுகூட இல்லை. டார்ச் அடித்துத் தேடியதில் ரேடியேட்டருக்குக் கீழே கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் சேரும் இடத்தில், புழுதியும் ஆயிலும் குழைந்து கறுப்பு அல்வா மாதிரி அப்பிக்கொண்டிருந்தது. துணியால் வழித்துப் பார்த்தால் கிளாம்ப் துருப்பிடித்துத் தளர்ந்திருந்தது. ஹோஸும் விறைத்துப் போயிருந்ததால் இரண்டையும் மாற்றினேன், ஹோஸும் கிளாம்ப்பும் கூலியும் சேர்த்து ஆயிரத்தைத் தாண்டவில்லை. சரியான ஆயில் அரை லிட்டருக்குக் கொஞ்சம் அதிகமாக ஏறியது. மறுநாள் காலை ரிவர்ஸ் 1.3 நொடி.

நீங்கள் தேடும்போது அடித்தட்டின் கேஸ்கெட், ஆக்சில் நுழையும் இடத்து ஆயில் சீல், இன்ஜினும் பாக்ஸும் சேரும் இடத்தின் அடிப்பக்கம் இவற்றையும் பாருங்கள். கடைசியில் சொன்னது ஒழுகினால் மட்டும்தான் சீல் மாற்றக்கூடப் பாக்ஸை இறக்க வேண்டும்.

ஸ்கேனர்: கேட்டதா, கொடுத்ததா

ஆயில் சரியான பிறகும் நாலாவது கியர் பிரச்சினை அப்படியே இருந்தது. இங்கேதான் மேலே சொன்ன கேள்வி உதவுகிறது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறு கோடுகளைப் படிக்கும் புளூடூத் ஓ.பி.டி. கருவியை ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகி போனில் பார்க்கலாம். ஆனால் மலிவுக் கருவியும் இலவச ஆப்பும் பல வண்டிகளில் இன்ஜின் கம்ப்யூட்டரோடு மட்டுமே பேசும், கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரோடு பேசாது. “கோட் எதுவும் இல்லை” என்று அது சொன்னால் நம்பி உட்கார்ந்துவிடாமல், தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் உள்ள நல்ல ஸ்கேனரில் ஒருமுறை பாருங்கள்.

பி0700 என்ற கோளாறு கோட் வந்தால் அது வெறும் தபால்காரன், கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஏதோ பதிவாகியிருக்கிறது என்று மட்டும் சொல்கிறது, உள்ளே போய்ப் படிக்க வேண்டும். பி0715, பி0717 இன்புட் ஸ்பீட் சென்சார், பி0720 அவுட்புட் ஸ்பீட் சென்சார், பி0711 ஆயில் வெப்பநிலை சென்சார். பி0750, பி0755 போன்றவை ஷிஃப்ட் சோலனாய்டுகள். பி0730-லிருந்து தொடங்கும் வரிசை வந்தால் கேட்ட கியருக்கும் கிடைத்த சுழற்சிக்கும் கணக்கு ஒத்துவரவில்லை, அதாவது உள்ளே வழுக்கல். பி0741 என்றால் டார்க் கன்வெர்ட்டரின் லாக்-அப், அதாவது இன்ஜினையும் பாக்ஸையும் நேராகப் பூட்டும் கிளட்ச், பிடிக்கவில்லை. சென்சார் கோட் வந்தவுடன் சென்சார் வாங்க ஓடாதீர்கள். முதலில் அதன் கனெக்டரைக் கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா, ஆயில் ஏறியிருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். திறந்த வெளியில் நிற்கும் வண்டி என்றால் எலியை முதல் குற்றவாளியாகவே வைத்துக்கொள்ளலாம்.

கோட் இல்லாத தாமதத்துக்கு லைவ் டேட்டாதான் வழி. பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, அவர் கையில் போனைக் கொடுத்துவிட்டு ஓட்டுங்கள், ஓட்டுகிறவர் போனைப் பார்க்கக் கூடாது. கம்ப்யூட்டர் உத்தரவிட்ட கியர், ஆர்.பி.எம்., வண்டி வேகம், திராட்டில் (ஆக்சிலேட்டர் மிதி) சதவீதம், கூலண்ட் சூடு, ஆயில் சூடு இத்தனையும் ஒரே திரையில் வேண்டும். உத்தரவு 3-லிருந்து 4-க்கு மாறிய பிறகும் ஆர்.பி.எம். இறங்க ஒரு நொடிக்கு மேல் ஆனால் பாக்ஸ் கொடுக்கவில்லை. உத்தரவே 3-ல் நின்றால் கம்ப்யூட்டர் கேட்கவில்லை.

என் வண்டியில் உத்தரவு 3-லேயே நின்றது. என் மச்சான்தான் போனைப் பிடித்திருந்தார், “மாப்ள, சூடு 54-னு காட்டுது, இது சரியா?” என்று கேட்டார். சரியில்லை. ஓடிச் சூடான இன்ஜினில் கூலண்ட் 85-95 டிகிரியில் இருக்க வேண்டும். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது: என் வண்டியில் சூட்டு முள் கிடையாது, குளிராக இருந்தால் எரியும் நீல விளக்கு மட்டும்தான், காலையில் இறக்கத்தில் வரும்போது அது சில தடவை மறுபடி எரிந்து அணைவதை நான் பார்த்தும் கண்டுகொள்ளவில்லை. கூலண்ட் ரேடியேட்டருக்குப் போகும் வழியைச் சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருந்தது. இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் மேல் கியரை அனுமதிக்கவில்லை. ஊருக்குள் நெரிசலில் ஊர்ந்தால் சூடு ஏறி நாலாவது ஒழுங்காக விழும், காற்றடிக்கும் வெளிரோட்டில் விழாது, இந்த விசித்திரமும் அதோடு விளங்கிவிட்டது. தெர்மோஸ்டாட்டும் கூலண்ட்டும் மாற்றியதோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

கம்ப்யூட்டர் கேட்காததற்கு வேறு காரணங்கள்

திராட்டில் சென்சார் உண்மையில் 15 சதவீதம் மிதித்திருக்கையில் 40 என்று காட்டினால், ஓட்டுகிறவன் அவசரத்தில் இருக்கிறான் என்று கம்ப்யூட்டர் கியரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஆக்சிலேட்டரை மெதுவாக அழுத்திப் பாருங்கள், எண் நடுவில் குதிக்காமல் சீராக ஏற வேண்டும். பழைய வண்டிகளில் இந்த வேலையை ஒரு கேபிள் செய்யும், அது இழுபட்டுத் தளர்ந்திருந்தாலும் இறுகியிருந்தாலும் கியர் மாறும் இடம் தப்பும். அழுக்கேறிய காற்று அளவு சென்சார், மிஸ்ஃபயர் ஆகும் இன்ஜின் இவையும் இதே மாதிரி ஏமாற்றும். பிக்கப் இல்லாத இன்ஜினை எல்லோரும் ஆழ மிதிப்போம், ஆழ மிதித்தால் கியர் லேட்டாகத்தான் விழும், பழி பாக்ஸ் மேல்.

பேட்டரியையும் மறக்க வேண்டாம். சோலனாய்டுகள் மின்சாரத்தில் வேலை செய்பவை. இன்ஜின் ஓடும்போது மல்டிமீட்டரில் 13.5-லிருந்து 14.5 வோல்ட் வராவிட்டால், அல்லது பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயர் துருப்பிடித்திருந்தால், கியர்கள் மனம்போனபடி நடக்கும். லீவருக்குக் கீழ்ப்பக்கம் பாக்ஸின் மேல் உட்கார்ந்திருக்கும் இன்ஹிபிட்டர் சுவிட்ச் கொஞ்சம் நகர்ந்திருந்தாலும், லீவர் கேபிளின் புஷ் தேய்ந்திருந்தாலும், நீங்கள் டி-யில் போட்டது கம்ப்யூட்டருக்கு டி-யாகத் தெரியாது. டேஷ்போர்டில் டி எழுத்து எரிய லீவரைக் கொஞ்சம் ஆட்ட வேண்டியிருக்கிறதா என்று கவனியுங்கள்.

மல்டிமீட்டர் கையில் இருக்கும்போதே சோலனாய்டுகளையும் பார்த்துவிடலாம். பாக்ஸின் வெளிக் கனெக்டரைக் கழற்றி, வயரிங் படத்தைப் பார்த்து ஒவ்வொன்றின் ரெசிஸ்டன்ஸையும் அளக்க வேண்டும். டொயோட்டாவின் பல பாக்ஸ்களில் திறந்து மூடும் சாதாரண சோலனாய்டு 11-15 ஓம், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் லீனியர் வகை சுமார் 5 ஓம். ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து விலகி நின்றால் அதுதான் ஆள். அளவு சரியாக இருந்தும் உள்ளே அழுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஆயில் மாற்றுவது

கேட்டும் கொடுக்காத பாக்ஸுக்கு முதல் மருந்து ஆயில்தான், அதுவும் ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம் என்று விற்பனையின்போது சொல்லப்பட்ட வண்டி என்றால் கண்டிப்பாக. பாக்ஸைச் செய்யும் ஜெர்மன் நிறுவனமான இசட்.எஃப். தன் பாக்ஸ்களுக்கு 80,000-லிருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது. நம் ஊர் வெயிலுக்கும் நெரிசலுக்கும் நான் 50,000-60,000 என்று வைத்திருக்கிறேன்.

எந்த ஆயில் என்பதில் சமரசமே வேண்டாம். டொயோட்டாவில் பழைய பாக்ஸ்களுக்கு டி-4, பின்னால் வந்தவற்றுக்கு அதைவிட மெல்லிய டபிள்யூ.எஸ்.; ஒன்றுக்குப் பதில் ஒன்று ஊற்றக் கூடாது. ஹூண்டாயின் பழைய 4 கியர் பாக்ஸுக்கு எஸ்.பி.-3, 6 கியருக்கு எஸ்.பி.-4. ஹோண்டாவுக்கு டி.டபிள்யூ.-1. ஸ்பேர்ஸ் கடையில் “எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் இது போடலாம் சார்” என்று நீட்டும் டப்பாவை வாங்காதீர்கள். கிளட்ச் எவ்வளவு வழுக்கிப் பிடிக்க வேண்டும் என்பதையே அந்த ஆயிலின் கலவைதான் தீர்மானிக்கிறது.

மெஷின் வைத்து அழுத்தத்தோடு கழுவும் ஃப்ளஷ்ஷை, ஓடித் தேய்ந்த பாக்ஸுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கிளறிவிட்ட அழுக்கு, ஆயிலைத் திருப்பிவிடும் வால்வுகள் அடங்கிய வால்வுபாடியின் நுண்ணிய வழிகளில் போய் உட்கார்ந்தால் புதுப் பிரச்சினை. வடித்து ஊற்றுவதுதான் நிதானமான வழி. மொத்தம் 6 லிட்டர் பிடிக்கும் பாக்ஸில் டிரெயின் நட்டைத் திறந்தால் 2.5 லிட்டர்தான் வரும், மீதி கன்வெர்ட்டரிலும் கூலரிலும் நிற்கும். ஆகவே ஒருமுறை மாற்றினால் 42 சதவீதம்தான் புதுசு, சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டாம் முறை செய்தால் 66, மூன்றாம் முறை 80. அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வண்டியை ஜாக்கியை மட்டும் நம்பி நிறுத்திவிட்டு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வேண்டும், இல்லையென்றால் பிட் உள்ள இடத்துக்குப் போங்கள். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், கொதிக்கக் கொதிக்க வேண்டாம். டிரெயின் நட்டைத் திறப்பதற்கு முன் ஊற்றும் வழியைத் திறந்து பாருங்கள்; அது திறக்க வராமல், கீழே ஆயிலை மட்டும் வடித்துவிட்டு முழித்தவர்கள் உண்டு. வடிந்ததை பழைய தண்ணீர் பாட்டில்களில் ஊற்றி அளந்து, அதே அளவு புது ஆயிலை ஊற்றுங்கள். நட்டுக்குப் புது வாஷர். கடைசியில் சூடாக்கிக் குச்சி பார்ப்பது முன்பு சொன்ன முறையில்.

அடித்தட்டைக் கழற்ற முடிந்த பாக்ஸ் என்றால் ஃபில்டரையும் கேஸ்கெட்டையும் மாற்றிவிடுங்கள். தட்டில் காந்தங்கள் ஒட்டியிருக்கும். அதில் விரல் வைத்தால் விபூதியைக் குழைத்த மாதிரி நைசான சாம்பல் நிறப் பசை வரும், அது வழக்கமான தேய்மானம், துடைத்துவிட்டு மாட்டலாம். நறநறவென்று உலோகச் சில்லுகள், பித்தளை மினுக்கல், கறுப்புத் தூள் குவியல் இருந்தால் ஆயில் மாற்றம் காப்பாற்றாது. “பழைய பாக்ஸுக்குப் புது ஆயில் ஊற்றினால் போய்விடும்” என்ற பேச்சு இப்படிப்பட்ட வண்டிகளிலிருந்து கிளம்பியதுதான். கிளட்ச் ஏற்கனவே செத்திருக்கும், பழி ஆயிலுக்கு.

மாற்றிய பிறகு ஸ்கேனரில் பழைய அடாப்டேஷனை அழித்து மறுபடி கற்றுக்கொள்ள வையுங்கள். தேய்மானத்துக்கு ஏற்ப கம்ப்யூட்டர் நாளாவட்டத்தில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துப் பழகியிருக்கும், அந்தப் பழைய கணக்கு புது ஆயிலுக்குப் பொருந்தாது. அழித்ததும் முதல் இரண்டு மூன்று நாள் உதறும், பயப்படாமல் மிதமாக மிதித்து எல்லாக் கியரும் ஏறி இறங்குமாறு ஓட்டினால் சரியாகும்.

இதற்குமேலும் தீரவில்லை என்றால்

அடுத்தது லைன் பிரஷர் டெஸ்ட். பாக்ஸில் அதற்கென்றே ஒரு துளை உண்டு, அதில் கேஜ் மாட்டி ஐடிலிங்கில் டி-யிலும் ஆர்-இலும் அழுத்தத்தைப் படித்து கையேட்டோடு ஒப்பிடுவார்கள். இரண்டிலும் குறைவு என்றால் பம்ப், ஃபில்டர், பிரஷர் ரெகுலேட்டர் வால்வு. ஒன்றில் மட்டும் குறைவு என்றால் அந்தப் பக்கத்து சீல் கசிவு. அழுத்தம் சரியாக இருந்தும் ஒரு குறிப்பிட்ட மாற்றத்தில் மட்டும் தாமதம் என்றால் வால்வுபாடி, சோலனாய்டு. பல பாக்ஸ்களில் வால்வுபாடியைப் பாக்ஸை இறக்காமலேயே கழற்றலாம். ஆனால் அதன் உள்ளே குட்டிக் குண்டுகளும் ஸ்பிரிங்குகளும் இருக்கும், ஒன்று இடம் மாறினால் கதை முடிந்தது. நான் தொடமாட்டேன், தூசி இல்லாத அறையும் பொறுமையும் உள்ள ஆளிடம் கொடுங்கள்.

கருகல் வாடை, அடித்தட்டில் சில்லுகள், டி-யில் போட்டால் ஆர்.பி.எம். மட்டும் ஏறி வண்டி நகராமை, இவை வந்தபின் ஓட்டிக்கொண்டே கடைக்குப் போகாதீர்கள். வண்டி திடீரென்று ஒரே கியரில், பெரும்பாலும் 3-ல், மாட்டிக்கொண்டால் அது தன்னைத் தற்காத்துக்கொள்கிறது, மெதுவாகப் பக்கத்துக் கடை வரை போகலாம், ஊர் தாண்டக் கூடாது. டோ செய்வதானால் பிளாட்பெட், இல்லையென்றால் இன்ஜின் சுழற்றும் சக்கரங்கள் தரையில் படாமல் தூக்க வேண்டும். இன்ஜின் ஓடாமல் சக்கரம் மட்டும் சுழன்றால் பம்ப் வேலை செய்யாது, உள்ளே ஆயில் போகாமல் எல்லாம் உரசும்.

பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும் என்று உண்மையாகவே வந்தால், வேலைக்கு ஒத்துக்கொள்வதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள். எந்த அளவீட்டை வைத்து இந்த முடிவுக்கு வந்தீர்கள், பிரஷர் எவ்வளவு வந்தது? கிளட்ச் தட்டும் சீலும் முழு செட்டாக மாற்றுவீர்களா, போனதை மட்டுமா? கூலரைக் கழுவுவீர்களா, இல்லை மாற்றுவீர்களா? பழைய பாக்ஸின் சில்லுகள் கூலரில் தங்கியிருந்தால் புதிதாகக் கட்டிய பாக்ஸுக்குள் அவை முதல் நாளே போய்ச் சேரும். முன்பு எண்பத்தைந்தாயிரம் சொன்ன கடைக்குப் பின்னொரு நாள் போனில் கூப்பிட்டு முதல் கேள்வியை மட்டும் கேட்டேன். “ஓட்டிப் பாத்தாலே தெரியுமுங்க” என்று பதில் வந்தது. அவர்கள் என் வண்டியை ஓட்டியே பார்க்கவில்லை.